காத்தாடி மாட்டிய மொட்டை மாடி

எங்கள் கட்டடத்தில் காற்றாலை வைக்கலாம் என்று முடிவெடுத்த சங்கக் கூட்டம் 2022 ஏப்ரலில் மொட்டை மாடியில் நடந்தது. தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரை மணி. கடல் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. வரவு செலவு நோட்டின் பக்கங்களை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கணக்கு வாசித்தேன். காலி டீ கப்புகள் தரையில் உருண்டோடி தண்ணீர்த் தொட்டி ஓரம் போய்ச் சேர்ந்தன. அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் காற்றைப் பற்றிச் சந்தேகம் வராது.

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி கடல் பக்கம் நடந்தால் எங்கள் வீடு. கீழே பார்க்கிங், மேலே ஐந்து மாடி, 24 வீடு, ஒரு லிஃப்ட். நான் அப்போது சங்கப் பொருளாளர். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 30 யூனிட் ஓடும். பொதுப் பயன்பாட்டு இணைப்பு என்பதால் 2022 செப்டம்பரிலிருந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. 2023 அக்டோபரில் அரசு அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தபோது எங்களுக்கும் விடிந்தது என்று நினைத்தோம். அந்தச் சலுகை 10 வீட்டுக்குள், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும். நாங்கள் மூன்றிலுமே தோற்றோம்.

கூட்டத்தில் நாகர்கோவில்காரர் ஒருவர் இருந்தார். "எங்க ஊர் முப்பந்தல்ல போய்ப் பாருங்க, கண்ணுக்கு எட்டின தூரம் காத்தாடிதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வரும் காற்று இரண்டு மலைக்கு நடுவே நெருக்கிப் பிதுக்கப்பட்டு வேகமெடுக்கிற இடம் அது. இங்கே எங்களுக்கு மேற்கே மலையா இருக்கிறது? மணலி, மாதவரம், கொடுங்கையூர் என்று கட்டடத்துக்குப் பின்னால் கட்டடம்தான். அன்று இதை யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டி ஓய்ந்தவர். அவர் மட்டும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். "தம்பி, மேற்கேர்ந்து வர்ற கச்சான் காத்து ஊரைச் சுத்திக்கினு, ஒவ்வொரு கட்டடமா மோதிக்கினு, நொண்டிக்கினுதான் இங்க வரும். கடல் காத்து நேரா வரும், சரி. அது மத்தியானத்துக்கு மேல வந்து பொழுது சாஞ்சா அடங்கிடும். மீதி நேரம் என்ன பண்ணுவீங்க?" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அய்யா, மெஷின் எல்லாம் இப்ப நவீனமா வந்திருச்சு" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

விற்க வந்த கம்பெனிக்காரர் நல்ல பேச்சுக்காரர். ஒரு கிலோவாட் மெஷின், இரண்டு மீட்டர் குறுக்களவில் மூன்று றெக்கை, கம்பம், பேட்டரிக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற சார்ஜ் கன்ட்ரோலர், 24 வோல்ட்டுக்கு இரண்டு 150 ஆம்பியர்-மணி பேட்டரி, எல்லாம் சேர்த்து 1,65,000 ரூபாய். லேப்டாப்பில் தமிழ்நாட்டின் காற்று வரைபடம் ஒன்றைக் காட்டினார். அது தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்துக் காற்றுக்குப் போட்டது என்று மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் மாடி 18 மீட்டர். அந்த மாதிரி வரைபடங்கள் பெரிய காற்றாலைக்கு 50, 80, 100 மீட்டர் என்ற உயரங்களில் போடப்படுகிறவை. மாடி வீட்டுக் காத்தாடிக்கு அதை வைத்துக் கணக்குப் போடுவது, மெரினாவில் அலையைப் பார்த்துவிட்டு நம் வீட்டுத் தொட்டியில் மீன் பிடிக்கக் கிளம்புவது போல.

இன்னொரு விஷயத்தையும் அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஒரு கிலோவாட் என்பது எந்த வேகக் காற்றில்? விவரச் சீட்டில் நொடிக்கு 12 மீட்டர் என்று இருந்தது. அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கிளிப்போடு பறந்துவிடும். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறி இறங்கும். வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். வேகம் கால்வாசியானால் 64-இல் ஒரு பங்கு. எங்கள் மாடியில் சாதாரணமாக அடிப்பது நொடிக்கு 3 மீட்டர். 1000 வாட்டை 64-ஆல் வகுத்தால் 16 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு எல்இடி டியூப்லைட்டுக்கே பத்தாது. இந்த ஒரு கணக்கைக் கூட்டத்தில் யாராவது கை நோட்டில் போட்டிருந்தால் டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்போம். பத்தாவது படித்த பிள்ளை போடுகிற கணக்குதான். நான் பொருளாளர் வேறு.

ஜூனில் மாட்டினார்கள். லிஃப்ட் மெஷின் ரூம் சுவரில் கிளாம்ப் அடித்து, அதற்கு மேல் மூன்று மீட்டர் கம்பம். முதல் நாள் சுற்றியபோது தெருவே அண்ணாந்து பார்த்தது. பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். படிக்கட்டு விளக்கு பத்தும் பேட்டரிக்கு மாறின. ஒவ்வொன்றும் ஐந்து வாட் எல்இடி, இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு 600 வாட் மணி, அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதைக்கூட மெஷினால் தனியாக ஈடுகட்ட முடியவில்லை. வாரத்தில் நாலு நாள் ஈபி சார்ஜர்தான் பேட்டரியை நிரப்பியது. காத்தாடி சுற்றுவது தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது. சார்ஜர் ஓடுவது எனக்கும் வாட்ச்மேனுக்கும் மட்டும் தெரிந்தது.

ஏன் இப்படி என்று எனக்குப் புரியவைத்தது இன்ஜினியர் இல்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன். விட்ட காத்தாடியை, அதாவது பட்டத்தை, தேடி எங்கள் மாடிக்கு வந்தவன். (மாஞ்சா தடை செய்யப்பட்டது, தெரியும். அவனுக்கும் தெரியும்.) அவன் நூல் எங்கள் றெக்கையில் சுற்றிக்கொண்டு கிடந்தது. பிரேக் சுவிட்சைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் அரை மணி நேரம் நூலைப் பிரித்தோம். அப்போது சொன்னான்: "ண்ணா, உங்க மாடில காத்தாடியே ஏத்த முடியாதுண்ணா. ரெண்டு ஆள் உசரம் போற வரைக்கும் குத்திக்கினே இருக்கும். அதைத் தாண்டிச்சுன்னா கம்முனு நிக்கும்."

மறுநாள் ஒரு நீள மூங்கிலை வாங்கி, வீட்டில் கிடந்த பழைய கேசட் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டடிக்கு ஒன்றாகக் கட்டி, மெஷின் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சாயங்காலக் கடல் காற்றில் உச்சியில் இருந்த நாடாக்கள் மட்டும் மேற்கே பார்த்து நேராக நீண்டன. நடுவில் இருந்தவை மேலும் கீழும் துடித்தன. கீழே இருந்த நாலைந்து நாடாக்கள் கடலைப் பார்த்துப் பறந்தன. ஆமாம், காற்று வருகிற திசைக்கு எதிராக! கிழக்குச் சுவரில் மோதுகிற காற்று மேலே எகிறி, மாடி விளிம்பைத் தாண்டும்போது சுருண்டு மடங்குகிறது. அந்தச் சுருளுக்குள்தான் எங்கள் ஒண்ணரை லட்சம் மாட்டப்பட்டிருந்தது. காற்றாலை வேலையில் ஒரு பழைய விதி உண்டு: சுற்றுவட்டம் 150 மீட்டருக்குள் இருக்கிற எதைவிடவும் குறைந்தது 10 மீட்டர் உயரத்தில் றெக்கை இருக்க வேண்டும். எங்களுக்குக் கிழக்கே ஏழு மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அந்த விதிப்படி பார்த்தால் எங்கள் கம்பம் தென்னை மர உயரத்துக்கு மாடியில் நிற்க வேண்டும். யார் விடுவார்கள்?

அப்புறம்தான் காற்று வேகத்தை அளக்கிற, கையில் பிடிக்கிற அனிமோமீட்டர் ஒன்று வாங்கினேன். மே மாத நாலு மணிக்குக்கூட பத்து நொடி, நொடிக்கு 6, 7 மீட்டர் என்று காட்டிவிட்டு உடனே 2-க்கு விழும். அதே நேரத்தில் கடற்கரையில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறை மேல் நின்று பிடித்தால் 5, 5.5 என்று சீராக நிற்கும். முகத்தில் சிலுசிலுவென்று படுகிற காற்றுக்கும் மெஷினுக்குப் பிடிக்கிற காற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பது அந்தச் சின்னத் திரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சத்தம் பற்றிச் சொல்லவேண்டும். அந்த நவம்பரில் வாடை ஆரம்பித்ததும் ராத்திரியில் மெஷின் நன்றாகவே சுற்றியது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்தாவது மாடி அம்மா போன் செய்தார். "தம்பி, பக்கத்து வீட்ல இந்நேரத்துக்கு கிரைண்டர் ஓடுது, வந்து கேளுங்க." போனேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அவர் வீட்டுச் சமையலறையில் விளக்கைப் போட்டால், அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கிக்கொண்டிருந்தன. சுவரில் காதை வைத்தேன். உறுமல் அங்கிருந்து வந்தது. கம்பம் லிஃப்ட் ரூம் சுவரில், லிஃப்ட் ரூம் கட்டடத்தின் தூணில், தூண் அவர் சமையலறையில். மெஷின் வீட்டுக்கு வெளியே சுற்றினாலும் சத்தம் கான்கிரீட் வழியாக உள்ளே இறங்கிவிடும். ரப்பர் பேட் வைத்துப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். கடைசியில் ராத்திரி பத்து மணிக்கு வாட்ச்மேன் பிரேக் போட்டுவிடுவார். காற்று நன்றாக அடிக்கிற நேரத்தில் நிறுத்தி வைக்கிற காற்றாலை! லண்டனில் 2010-இல் முடிந்த ஸ்ட்ராட்டா என்ற 43 மாடிக் கட்டடத்தின் உச்சியில் மூன்று பெரிய காற்றாலைகளைக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டினார்கள். அவையும் பெரும்பாலும் சுற்றாமல்தான் நிற்கின்றன என்று பிறகு படித்தபோது, துணைக்கு ஆள் இருக்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷம்.

டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. கம்பத்தைப் படுக்கவைக்க வழியில்லை. கீல் வைக்காமல் நேராக நட்டுவிட்டார்கள். கம்பெனிக்காரர் போனை எடுக்கவில்லை. பிரேக் போட்டும் றெக்கை நிற்காமல் முக்கிக்கொண்டு சுற்றியதை, லிஃப்ட் ரூம் கதவிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். சென்னைக்குக் கட்டடம் வடிவமைக்கும்போது நொடிக்கு 50 மீட்டர் காற்றைத் தாங்கவேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. அந்தச் சுவரில் நாங்கள் அடித்த கிளாம்ப் எதைத் தாங்கும் என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடமும் கேட்கவில்லை. காலையில் ஒரு றெக்கையின் நுனி உடைந்திருந்தது. அந்தத் துண்டு எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. யார் தலையிலும் விழவில்லை என்பது மட்டும் தெரியும்.

அடுத்த மாதமே வெல்டிங் கடைக்காரரை அழைத்துவந்து அடியில் கீல் வைத்தோம். கழற்றிய போல்ட்டுகளைப் பார்த்தால், மாட்டி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, துத்தநாகப் பூச்சு எல்லாம் போய்ச் செங்கல் நிறத்தில் உதிர்ந்தன. கடலோரத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்தான் நிற்கும். அதையும் அலுமினியத்தோடு நேராகச் சேர்க்காமல் நடுவில் நைலான் வாஷர் போடவேண்டும். இல்லையென்றால் உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துவிடும். வெல்டிங் கடைக்காரர் சொன்ன பாடம் இது, இலவசமாக. பேரிங்கும் உப்பு ஏறிக் கரகரக்க ஆரம்பித்திருந்தது.

2023 மே கடைசியில் ஒரு வருடக் கணக்கு எடுத்தேன். கன்ட்ரோலர் காட்டியது 102 யூனிட். எட்டு ரூபாய் வீதம் 816 ரூபாய். போட்ட முதலை எடுக்க 200 வருடம் ஆகும், பேரிங் செலவைச் சேர்க்காமல். கூட்டத்தில் இதை வாசித்தபோது யாரும் திட்டவில்லை. நாகர்கோவில்காரர்தான் மெதுவாக, "ஆடி மாசம் எங்க ஊர்ல வச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஆனால் ஒன்று. அந்த டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. புயலுக்கு இரண்டு நாள் முன்பே, 2-ஆம் தேதி, கீலை மடக்கிக் கம்பத்தைப் படுக்கவைத்துக் கயிறு கட்டிவிட்டோம். 4-ஆம் தேதி கரண்ட் போனது. தெரு முழுக்கத் தண்ணீர். மூன்று ராத்திரி எங்கள் படிக்கட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அந்த இரண்டு பேட்டரியில் 3.6 யூனிட் பிடிக்கும், பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்றால் 1.8. ஒரு ராத்திரிக்கு 0.6. கணக்கு அச்சாக மூன்று ராத்திரிக்குச் சரியாக இருந்தது. ஐந்தாவது மாடி அம்மாவைக் கைப்பிடித்துக் கீழே கூட்டிவந்தது அந்த வெளிச்சத்தில்தான். இறங்கும்போது கேட்டார்: "இது அந்தக் காத்தாடி கரண்டா தம்பி?" ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். சார்ஜர் கதையை அப்போது எதற்குச் சொல்ல?

அதிலிருந்துதான் யோசனை மாறியது. எங்களுக்குப் பயன்பட்டது பேட்டரியும், வாட் குறைந்த விளக்கும். காற்று அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. 2024-இல் பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் என்று வந்தது. ஆறு கிலோவாட் சோலார் போட்டோம், 1,08,000 மானியம். நிழல் விழாத இடம் ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி வேண்டும். அதற்காகத் துணி காயப்போடும் கொடிகளை வடக்குப் பக்கம் மாற்றியதில் எழுந்த சண்டையைத் தனியாகத்தான் எழுதவேண்டும். நாளைக்குச் சராசரியாக 22 யூனிட் வருகிறது. காத்தாடி ஒரு வருடத்தில் தந்ததை ஐந்து நாளில் தந்துவிடுகிறது.

சோலாரிலும் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. எண்ணூர் பழைய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவி, துறைமுகத்தில் கரி இறக்கிய காலத்தில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கறுப்புப் பொடி படியும் என்பாள். 2011-இல் நீதிமன்ற உத்தரவால்தான் அங்கே அது நின்றது. இப்போது எங்கள் பேனலில் விரலை வைத்துக் கோடு போட்டால் சாம்பலும் உப்பும் சேர்ந்த ஒரு பிசுக்கு ஒட்டுகிறது. மூன்று வாரம் துடைக்காமல் விட்டால் 22 என்பது 18-க்கு இறங்கிவிடுகிறது. முதலில் போர் தண்ணீரில் கழுவினோம். அது உப்புத் தண்ணீர், காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு. பிறகு மழை நீரை ஆயிரம் லிட்டர் தனித் தொட்டியில் பிடித்து வைத்து அதில் கழுவுகிறோம். விடியற்காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன்.

மழை நீர்க் குழி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய பிறகு கட்டிய கட்டடம் அல்லவா, வரைபடத்தில் இருக்கும், குழாய் இருக்கும். குழியைத் திறந்து பார்த்தால் உள்ளே கட்டட மணலும் உடைந்த டைல்ஸும். தூர் வாரிக் கருங்கல் ஜல்லி மாற்ற 14,000 ரூபாய் ஆனது. எங்கள் மாடி 3,500 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 3,250 லிட்டர் விழுகிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், ஐந்தில் ஒரு பங்கை வீணென்று விட்டாலும் 9,000 லிட்டர் லாரி 40 வந்து நிற்பதற்குச் சமம். முதல் மழையை மட்டும் கால் மணி நேரம் வெளியே விட்டுவிடுகிறோம், அந்தச் சாம்பலுக்காக. 2019 கோடையில் ஒரு லாரிக்காகத் தெருவே குடத்தோடு நின்றதைப் பார்த்த எங்களுக்கு, காத்தாடிக்கு முன் இந்தக் குழியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். ஈபியோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பட்டப்பகல் வெயிலில் மாடி நிறையப் பேனல் இருந்தும் லிஃப்ட் ஓடாது. அதனால் பழைய பேட்டரி இரண்டையும் விற்கவில்லை. அதற்கென்று இரண்டு சின்ன பேனலைத் தனியாகப் பிரித்துவிட்டோம். படிக்கட்டு விளக்கு இன்னும் அதில்தான்.

மெஷின் படுத்தபடியே மாடியில் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் ஒரு விலை சொன்னார், கொடுக்க மனசு வரவில்லை. போன மாதம் காலடிப்பேட்டைப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பின் செயலாளர் வந்தார். அவர்கள் கட்டடம் ஒன்பது மாடி, கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒன்றும் இல்லையாம், நெட்டுக்குத்தாகச் சுற்றுகிற புது மாடல் பார்த்திருக்கிறார்களாம், சத்தமே வராதாம். காற்று இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான், அவர்கள் மாடியில் நான் நின்று பார்த்ததில்லை. இரண்டாவது மாடிப் பெரியவரையும் அழைத்து அறிமுகப்படுத்தினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "விடியக்காலைல மேல ஏறி நின்னு பார்த்திருக்கீங்களா சார்?" அவர் பார்த்ததில்லை. சாயங்காலம்தான் கூட்டம் போடுகிறார்களாம்.

கேசட் நாடா கட்டிய மூங்கிலையும் அனிமோமீட்டரையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வருடம், காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளையும் எழுதுங்கள் என்றேன். மூங்கில் லிஃப்டுக்குள் நுழையவில்லை. தோளில் வைத்துக்கொண்டு படி வழியாக இறங்கினார். "மீட்டர்ல பேட்டரி தீர்ந்துபோச்சு சார், புதுசு போட்டுக்கோங்க" என்று மேலே இருந்து கத்தினேன்.